பூட்டிய போனா, திறக்க முடிகிற போனா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசை மறுநாளே உருக்கி அரைஞாண் செய்தாலும் கடைக்காரர் ஏன் என்று கேட்க மாட்டார். அதைவிடப் பல மடங்கு விலை கொடுக்கும் போனில் எந்த மென்பொருள் ஓடலாம் என்பதை மட்டும் விற்ற கம்பெனியே முடிவு செய்கிறது. கெடுபிடி எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

ஐபோன்தான் இதில் கறார். நம் ஊரில் அதற்கு ஆப் ஸ்டோர் ஒன்றே வாசல். பாதுகாப்புக்காகத்தான் இப்படி என்கிறார்கள் ஆப்பிள்காரர்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் நெருக்கியதும், 2024 மார்ச்சில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4-இல் வேறு ஆப் கடைகளுக்கு வழிவிட்டார்கள். சேலத்தில் இருப்பவர் கையில் உள்ளதும் அதே போன்தானே!

ஆண்ட்ராய்டில் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, ஆப் கடை இல்லாமல் நேரடியாக நிறுவலாம். அதை கூகுள் தடுக்கக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது, கூடவே 1,337.76 கோடி ரூபாய் அபராதம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, இது உட்பட நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. ஆக, இங்கே இன்று இருக்கும் சுதந்திரம் கம்பெனி பார்த்துக் கொடுத்தது.

இயங்குதளத்தையே மாற்றுவது இன்னும் ஆழமான விஷயம். போனை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்தான் பூட்லோடர். அதைத் திறக்க முடிகிற சாம்சங் போனில், திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால், நாக்ஸ் ஃபியூஸ் என்ற, திரும்ப மாற்ற முடியாத பாதுகாப்பு அடையாளம் எரிந்துவிடும். அப்புறம் பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது. கூகுளின் பிக்சல் போனில் திறக்கலாம், விரும்பிய இயங்குதளத்தைப் போட்டு நம் டிஜிட்டல் சாவியாலேயே மறுபடி பூட்டவும் செய்யலாம். பூட்டு இருப்பதில் எனக்குப் புகாரே இல்லை, சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. கணினி உலகம் இதை முன்பே ஓரளவு தீர்த்துவிட்டது: 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் ஏற்றவிடும் 'செக்யூர் பூட்' (Secure Boot) வசதியை உரிமையாளர் அணைக்கவும் சொந்தச் சாவி சேர்க்கவும் மைக்ரோசாஃப்ட் சான்று பெறும் இன்டெல் வகைக் கணினிகளில் வழி கட்டாயமாக இருந்தது. போன்களில் இருப்பது போன்ற ஏஆர்எம் சிப் கொண்டவற்றில் அணைக்கவே கூடாது என்று அதே மைக்ரோசாஃப்ட் சொன்னது வேறு கதை.

சரி, பூட்டை எல்லாரும் உடைத்துவிடலாமா? கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொட்டுப் பணம் இழப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஏற்காட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுப்பதென்றால் பூட்டியதையே வாங்குவேன். பூட்லோடர் திறந்த போனில் பல வங்கி ஆப்கள் ஓட மறுக்கும் என்பதால், யுபிஐ உள்ள போனை நானும் தொட மாட்டேன்.

சோதித்துப் பார்க்க இரண்டாவது போன் வேண்டுமென்றால் பழைய பிக்சல் போதும். ஆனால் அமெரிக்காவில் வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் விற்ற பிக்சலும் செகண்ட் ஹேண்டில் வரலாம். அதில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' சுவிட்ச் மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது. காசு கொடுக்கும் முன் கடையிலேயே இணையத்தை இணைத்து, செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் அதைப் பார்த்துவிடுங்கள்.