பழைய லேண்ட் க்ரூசருக்கு லிஃப்ட் கிட்: இரண்டு செட், ஆறு வருட அனுபவம்

எங்கள் வண்டி 1996ஆம் வருடத்து லேண்ட் க்ரூசர் 80 சீரிஸ். 4.2 லிட்டர் டீசல், டர்போ கிடையாது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போதே 3,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு காயில் ஸ்பிரிங்கும் உட்கார்ந்து போயிருந்தன, அதிலும் பின்பக்கம் ரொம்ப மோசம்.

அந்த டிசம்பரில் குடும்பத்தோடு சானி கணவாய் ஏறினோம். குவாசுலு-நடாலிலிருந்து லெசோத்தோவுக்குள் ஏறும் மண் பாதை, உச்சி 2,876 மீட்டர். தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத்தான் அனுமதி. மேலே கொண்டை ஊசி வளைவுகளில் பின் ஆக்ஸில் ரப்பர் கட்டையில் மோதிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மோதலும் முதுகெலும்பில் தெரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் லிஃப்ட் கிட், அதாவது வண்டியின் உடலை உயர்த்தும் ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் ஷாக்கும் சேர்ந்த செட், போடுவது என்று முடிவு செய்தேன்.

2019இல் போட்ட முதல் கிட் விஷயத்தில் என் தவறு ஒன்றுதான்: உயரத்தை மட்டும் பார்த்தேன். 50 மில்லிமீட்டரா, 75ஆ என்றுதான் யோசித்தேன். கடையில் “டூர் போவீர்களா?” என்று கேட்டார்கள், போவோம் என்றேன். உடனே பின்பக்கத்துக்குக் கனமான, அதிகப் பளு தாங்கும் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மாட்டி இறக்கிப் பார்த்தால் முன்னால் 60, பின்னால் 80 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பெட்டியில் எழுதியிருந்தது 50. பளு இல்லாத வண்டியில் கனமான ஸ்பிரிங் அமுங்காது, அப்படியே நிமிர்ந்து நிற்கும். அது எனக்கு அன்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தெருக்களில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்சீட்டில் இருப்பவர்கள் எம்பி விழுவார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது அம்மா, “இடுப்பு விட்டுப் போகுதுப்பா, நான் பஸ்ஸிலேயே வர்றேன்” என்றார். எழுபது வயதுக்காரர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வரும்போது ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்காது, வண்டி இடமும் வலமுமாக அலைந்துகொண்டே வரும். அது வெறும் அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது. ஆபத்து.

டோங்காட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். கரும்பு லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டியே வாழ்நாளைக் கழித்தவர். வண்டியை அவரிடம் காட்டினேன். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “எடை போட்டியா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “அப்புறம் எதை வச்சு ஸ்பிரிங் வாங்கினே?”

மறுநாளே எடைமேடைக்குப் போனேன். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. தினசரி ஓட்டத்தில், நான் மட்டும் இருக்க, முன்னால் 1,230 கிலோ, பின்னால் 1,120. அடுத்த வாரம் பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றினேன்: ஐந்து பேர், ஃப்ரிட்ஜ், 40 லிட்டர் தண்ணீர், கூரையில் கூடாரம், டீசல் கேன், புளியோதரைத் தூக்கு முதற்கொண்டு. முன்னால் 1,260, பின்னால் 1,620. முன்பக்கம் வெறும் 30 கிலோதான் கூடியிருக்கிறது, பின்பக்கம் 500. இந்த நான்கு எண்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தன. நான் பளுவோடு போவது வருடத்தில் இருபது நாள். மீதி நாளெல்லாம் 1,120 கிலோவுக்கு, 1,620 கிலோவுக்கான ஸ்பிரிங்கில் ஓட்டியிருக்கிறேன்.

லிஃப்ட் கிட் வாங்க நினைப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் எடைமேடைக்குப் போய்விட்டு வாருங்கள். பிராண்டு எதுவானாலும் முன்பக்கம் இவ்வளவு, பின்பக்கம் இவ்வளவு என்று எண்ணைச் சொல்லி ஸ்பிரிங் கேளுங்கள். நல்ல கடைக்காரர் அந்தக் கேள்வியை அவரே கேட்பார்.

2020இல் இரண்டாவது செட். இது ஓல்டு மேன் எமு என்ற பிராண்டு. முன்னால் புல் பாருக்கு (முன்பக்க இரும்புத் தடுப்புக்கு) ஏற்ற ஸ்பிரிங், பின்னால் நடுத்தரம். பயண நாட்களுக்காகப் பின் காயிலுக்குள் காற்றுப்பை வைத்தேன். சாதாரண நாளில் அரை பார் அழுத்தத்தில் காற்று, சாமான் ஏற்றினால் ஒன்றரை பார். காற்றே இல்லாமல் மட்டும் ஓட்டக் கூடாது, பை காயிலுக்கு நடுவில் நசுங்கிக் கிழிந்துவிடும். இந்த செட்டில் இதுவரை 74,000 கிலோமீட்டர். அம்மா மறுபடி எங்களோடு வருகிறார்.

முதல் கிட்டில் ஸ்டியரிங் அலைந்ததற்குக் காரணம் காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. சின்ன வயதில் கைவிட்டு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேராகிறது. வண்டியிலும் அதே கதைதான். 80 சீரிஸில் உடலை உயர்த்தும்போது முன் ஆக்ஸில், தன்னைச் சேஸியோடு இணைக்கும் கைகளோடு சேர்ந்து சற்றுத் திரும்பிவிடும், சாய்வு குறைந்துவிடும். ஏறக்குறைய 3 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில், முதல் கிட்டுக்குப் பிறகு என் வீல் அலைன்மென்ட் அளவுச் சீட்டில் அரை டிகிரி இருந்தது. முதல் முறை மாட்டிக் கொடுத்த பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது செட்டின்போது முன் கைகளின் மூட்டில், துளை மையம் விலகிய காஸ்டர் புஷ் என்ற உருளை போட்டோம். சாய்வு இரண்டரைக்கு வந்தது, அலைச்சல் அன்றோடு நின்றது. ரப்பர் புஷ்ஷே போடுங்கள் என்பது என் கருத்து. பாலியூரித்தேன் கெட்டியானது, முன் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுக்காது. ரப்பர் சீக்கிரம் தேயும்தான். எனக்கு மூன்று வருடம் வந்தது, ஒரு முறை மாற்றிவிட்டேன்.

பிரேக் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிக்கு ஒரு கம்பி போகும். பளுவைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானிக்கும் வால்வு அதன் முனையில் இருக்கிறது. வண்டியை உயர்த்தினால் ‘பளு இல்லை’ என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். என் வண்டியில் முன் பேடுகள் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தபோதுதான் கவனித்தோம். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயரத்துக்கு ஏற்ப மாற்றிப் பொருத்த வேண்டும். பிரேக் ஹோஸையும் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் விறைப்பாக இழுபட்டால் நீளமானது போட்டே ஆக வேண்டும். ஆக்ஸிலைச் சேஸியோடு குறுக்காகப் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு, வண்டி உயர்ந்தால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தும். 50 மில்லிமீட்டர் லிஃப்டில் அது பெரிய விஷயமில்லை.

பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பழைய ஷாக்கின் நீளம் போதாது, பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ‘டக்’ என்று முட்டி நிற்கும். படுத்துவிட்ட ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்து உயர்த்துவதும் அப்படித்தான். உயரம் வரும், இழந்த பலம் வராது. என் ஷாக்குகளில் ஒன்று, பின் இடது, 61,000 கிலோமீட்டரில் எண்ணெய் கசிந்தது. லெசோத்தோவின் தகரக் கூரை போன்ற சரளைச் சாலைகளில் அவை படும் சூட்டுக்கு அது நியாயமான ஆயுள்தான். இரண்டையும் ஜோடியாக மாற்றினேன்.

லிஃப்ட் போட்டால் அடியில் எதுவும் தட்டாது என்று நம்பிவிடாதீர்கள். இந்த வண்டியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். ஸ்பிரிங் உடலைத்தான் தூக்கும், ஆக்ஸிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். கோசி பே மணலில் எனக்கு உதவியது லிஃப்டைவிட, டயர் காற்றை 1.2 பாருக்கு இறக்கியதுதான். பாறைப் படிகளில் பம்பர் மூக்கு தட்டாமல் ஏறுவது, பளுவோடு பின்பக்கம் உட்காராமல் இருப்பது, இவை இரண்டும்தான் லிஃப்டால் எனக்குக் கிடைத்த நிஜமான லாபம். டீசல் செலவு 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூடியிருக்கிறது.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை வண்டிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறேன். இந்த செட் போட்ட நாளிலிருந்து முன்பக்கம் 4 மில்லிமீட்டர், பின்பக்கம் 7 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. இடது முன் காஸ்டர் புஷ்ஷில் மறுபடி வெடிப்பு தெரிகிறது. ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும்.