பெரிய வகுப்பா, சின்ன வகுப்பா: யாருக்கு முதலில் மணி அடித்திருக்க வேண்டும்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். பல்லடத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளி அவளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பறையில் அவள் ஒருநாள்கூட உட்காரவில்லை.

அந்த மாதங்களில் தொலைக்காட்சி விவாதங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றுதான்: உயிரா, படிப்பா? இப்படிக் கேட்டால் எந்தத் தாயும் உயிர் என்றுதான் சொல்வாள். 2021 மே மாதக் கடைசியில் கோவையின் தினசரித் தொற்று சென்னையைத் தாண்டியது. எங்கள் வீட்டில் வயதான அமுச்சி (பாட்டி) இருந்தார். அன்று பள்ளியைத் திறக்கச் சொல்லி நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அலை இறங்கிய பிறகு கேட்க வேண்டியது வேறு கேள்வி. யாரை முதலில் அழைப்பது?

தமிழ்நாடு பெரிய வகுப்புகளை அழைத்தது. முதல் அலைக்குப் பிறகு 2021 ஜனவரி 19-இல் 10, 12. பிப்ரவரி 8-இல் 9, 11. இரண்டாம் அலைக்குப் பிறகு செப்டம்பர் 1-இல் மீண்டும் 9 முதல் 12 வரை. இதற்கு நியாயம் உண்டு. பொதுத்தேர்வு இருக்கிறது, முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கும் பக்குவம் அவர்களுக்கு உண்டு. இன்னொன்றை நான் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் விசைத்தறியில் தார் (நூல் குழல்) சுற்றப் போனான். வாரச் சம்பளம் கைக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்புவது லேசான காரியம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலை 20-இல் சொன்னது இதற்கு நேர்மாறு: திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவார்ந்தது, சிறு பிள்ளைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள். கழகத்தின் நான்காவது கள ஆய்வில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தத்தில் ஏற்கெனவே இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. அந்தச் செப்டம்பரில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கவில்லை. அந்த வகையில் பெரிய வகுப்புக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

நான் இரண்டாவது பக்கம்தான் நிற்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்து ஓரளவு தானே படித்துக்கொள்ளும். ஏழு வயதுக்கு அது ஓடுகிற படம். வீட்டில் ஒரே கைபேசி. அதுவும் கணவரோடு ஷிப்டுக்குப் போய்விடும். பள்ளி திறந்த வாரம் ‘கொடி’ என்ற சொல்லில் விரலை வைத்து மகள் நின்றுவிட்டாள். கொம்பைப் படிப்பதா, காலைப் படிப்பதா, நடுவில் நிற்கும் ‘க’வைப் படிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் அதைச் சரளமாகப் படித்தவள் அவள்.

இதை எந்தச் செய்தி சொன்னது? செப்டம்பரில் பள்ளிகள் திறந்ததும் எந்தப் பள்ளியில் எத்தனை மாணவருக்குத் தொற்று என்று தினமும் படித்தோம். தொற்று வகுப்பறையில் வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று தலைப்பு பிரித்துச் சொல்லவில்லை. தறிக்கும் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டவும் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் கணக்கை நான் வாங்கும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒருநாளும் பார்க்கவில்லை. தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் ஏழை வீடுகளில் 2021 ஆகஸ்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் 8 சதவீதம் பேர்தான் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தார்கள். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. இரவு விவாதங்களில் நடுநாயகமாக வைத்திருக்க வேண்டிய எண் அது.

திறப்பது, மூடுவது இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருந்தது. தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27-இல்தான் தொடங்கியது. எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திண்ணையில், நல்ல காற்றோட்டத்தில், ஒரு தன்னார்வலரைச் சுற்றிப் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்தார்கள். மகள் ‘கொ’வை மறுபடி பிடித்தது அங்கேதான். அந்தத் திண்ணை 2020-லும் அங்கேதான் காலியாகக் கிடந்தது.