மாமா ஊர் பஸ்ஸும் ஒற்றைக் காட்டெருமையும்

மெல்போர்னில் விமானம் ஏறியது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்தது எல்லாம் வழக்கமான கதை. நான் சொல்ல வந்தது, அங்கிருந்து மாமா ஊருக்குப் போகும் சாயங்கால பஸ்ஸைப் பற்றி.

ஐந்தரை மணி பஸ் ஏழுக்குப் பக்கமாக ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு வந்தது. அதுவரை யாரைக் கேட்டாலும், "வருங்க சார், வந்துக்கிட்டே இருக்கும்." மெல்போர்னில் டிராம் கொஞ்சம் தாமதமானாலே கைபேசி சொல்லிவிடும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மட்டும் மாறவில்லை. என் துண்டு பெட்டிக்குள் இருந்ததால் நின்றுகொண்டே போனேன்.

காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. எட்டிப் பார்த்தால் நடுரோட்டில் ஒற்றைக் காட்டெருமை! முழங்காலுக்குக் கீழே வெள்ளை, தோளில் ஒரு மேடு, வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்ததுபோல் முதுகு. கடா என்றால் ஆயிரம் கிலோகூட வருமாம். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடிக்க, கண்டக்டர் இறங்கி ஓடினார். "அடிக்காதீங்க சார், ஒத்தை மாடு. திரும்புச்சுன்னா உங்க கார்தான்!"

பஸ்ஸுக்குள் யாருக்கும் அவசரமில்லை. "பலாப்பழ வாசனைக்கு வருது கண்ணு, போயிரும்" என்று பக்கத்து அம்மா கடலையை நீட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பி நட்ட மலை இது. நான் பையனாக இருந்தபோது காட்டெருமையைப் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இப்போது அதற்குத்தான் ரோட்டில் முதல் உரிமை.

ஒருவழியாக அது சில்வர் ஓக் மரங்களுக்குள் இறங்கியது. என் நிறுத்தத்திலிருந்து தோட்டத்து வழியே நடக்க வேண்டும். "எந்த வீடுங்க?" என்றார் கண்டக்டர். சொன்னேன். நிறுத்தத்தைத் தாண்டி, மாமா வீட்டு கேட்டுக்கு எதிரிலேயே விசில் அடித்தார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும்வரை பஸ் நகரவில்லை, பயணிகளும் முணுமுணுக்கவில்லை. மெல்போர்னில் நிறுத்தத்தை விட்டுப் பத்தடி தள்ளிக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இவ்வளவு நல்லவர்களாயிற்றே என்று மறுநாள் காலை பஸ்ஸை நம்பிச் சேலத்துக்குக் கிளம்பினேன். அது வரவே இல்லை. "பஞ்சராம்" என்று சொல்லி, மாமா என்னைப் பால் வண்டியில் ஏற்றிவிட்டார்.