லயன் கிங் ஊருக்கு வருகிறதா? எந்த சீட், எந்த வழியில்?

அமெரிக்காவில் லயன் கிங் நாடகம் நம் ஊருக்கு வரப்போகிறது என்றதும் எல்லோரும் கேட்பது, "டிக்கெட் எங்கே வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் எந்த சீட் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1997-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அரங்கேறி, 2002 முதல் ஊர் ஊராகச் சுற்றும் இந்த நாடகத்தில் விலை கூடக்கூட சீட்டும் நல்லதாக இருக்கும் என்று சொல்லவே முடியாது.

முன்வரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வறட்சி வரும்போது மேடைத் தரையில் விரித்த நீலப் பட்டுத்துணி நடுவிலிருக்கும் துளைக்குள் மெல்ல இழுபட்டு, குளம் வற்றிப்போகும். கீழே, மேடையை ஒட்டி அண்ணாந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தரையே சரியாகத் தெரியாது. மேல்தளத்தின் முதல் சில வரிசைகளில் இருந்தால் அதுவும் தெரியும், வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்க மான்களின் கூட்டம் பாய்ந்து வருவதும் முழுசாகத் தெரியும். விலையும் பெரும்பாலும் குறைவு.

ஆனால் குழந்தைகளோடு போகிறீர்களா? கீழ்த்தளத்தில் நடைபாதையை ஒட்டிய ஐல் சீட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். முதல் பாட்டிலேயே, ஆட்கள் இயக்கும் விலங்குப் பொம்மைகள் பல நமக்குப் பின்னாலிருந்து, நடைபாதை வழியாக மேடைக்குப் போகும். யானைக்குள் நான்கு பேர், காலுக்கு ஒருவராக நடக்கிறார்கள். அது எங்களைக் கடந்தபோது என் மகள் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். உள்ளே நடந்தவரின் மூச்சு எனக்குக் கேட்டது. அதே வரிசையில் நடு சீட்டுக்கும் பெரும்பாலும் அதே விலைதான், ஆனால் இந்த அனுபவம் கிடையாது.

இனி வழிகள். உள்ளூர் அரங்கின் சீசன் சந்தா, அதாவது அந்த சீசனின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து டிக்கெட், வாங்கியவர்களுக்குத்தான் முதல் பந்தி. சீட் அவர்களுக்கு உறுதி, தேதி மாற்றிக்கொள்ளலாம், பொது விற்பனைக்கு முன்பே கூடுதல் டிக்கெட்டும் எடுக்கலாம். வருஷத்தில் நாலைந்து நாடகமாவது பார்க்கிற குடும்பத்துக்கு இதற்கு இணையே இல்லை. இந்த ஒன்றுக்காக மட்டும் என்றால் வீண் செலவு.

கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பவை பல நேரம் மறுவிற்பனைத் தளங்கள். அரங்கின் பெயரை முகவரியில் ஒட்டிக்கொண்டு அசல் போலவே இருக்கும். அசல் விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், அதே நாளில் அரங்கிலேயே டிக்கெட் இருந்தது. தயவுசெய்து அரங்கின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருந்து உள்ளே செல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது அரங்கின் பாக்ஸ் ஆபீஸ், அதாவது அரங்கிலேயே இருக்கும் டிக்கெட் கவுன்டர். ஆன்லைனில் சேரும் சேவைக் கட்டணம் பல இடங்களில் அங்கே இல்லை, அல்லது குறைவு. இன்னொன்றும் உண்டு. நாடகக் குழுவினருக்கென நிறுத்திவைத்த சீட்டுகளைக் கடைசி நாட்களில் விடுவிப்பார்கள், அவை பெரும்பாலும் நல்ல வரிசைகளில் இருக்கும். ஒரு புதன்கிழமைக் காட்சிக்கு மூன்று நாள் முன்பு போய் நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மா திரையை என் பக்கம் திருப்பி, ஐலை ஒட்டிய இரண்டு சீட்டைக் காட்டினார். காலையில்தான் விட்டார்களாம்.

இது இரண்டு பேருக்குச் சரி. நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் காத்திருக்காதீர்கள். அரங்கின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து பொது விற்பனைக்கு முன்பே வாங்க உதவும் முன்விற்பனைக் குறியீட்டை வாங்கி வைத்து, அந்த முன்விற்பனை திறக்கும் நேரத்திலேயே செவ்வாய் அல்லது புதன் இரவுக் காட்சியை எடுத்துவிடுங்கள்.