கடைவாய்ப்பல் சொத்தை: ரூட் கெனாலா, பிடுங்கிவிடலாமா?

விண்விண்ணென்று தெறிக்கும் ராத்திரியில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பிடுங்கிப் போட்டுவிடலாம். ஆனால் இந்த முடிவுக்கு வலியை அளவுகோலாக வைக்கக் கூடாது. நரம்பு உயிரோடு வீங்கியிருக்கும் பல்தான் பெரும்பாலும் படுத்தி எடுக்கும். அப்படிப்பட்ட பல்லை நன்றாகவே காப்பாற்றலாம். பார்க்க வேண்டியது, சொத்தை முழுவதையும் எடுத்த பிறகு ஈறுக்கு மேலே கெட்டியான பல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை. சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால், மேலே உறைபோல மாட்டும் கேப் பிடித்து நிற்கும். அதுகூட இல்லாத பல்லில் ரூட் கெனால் என்னதான் சுத்தமாகச் செய்தாலும் காசுக்குக் கேடு.

ரூட் கெனாலில் ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, மேலே துளை போட்டு, உள்ளே இருக்கும் நரம்பை எடுப்பார்கள். பிறகு அரம் போன்ற மெல்லிய ஃபைல்களால் வேர்க்குழாயை அகலப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பார்கள். பாக்டீரியாவைக் கொல்வது அந்தக் கரைசல்தான். ரப்பர் ஷீட் இல்லாவிட்டால் எச்சில் உள்ளே போகும், கரைசல் தொண்டைக்குப் போகும். அதனால் ஷீட் போடுவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. மேல்தாடையில் நான்காவது குழாய் பலருக்கு உண்டு, கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் பல மாதம் கழித்துக்கூட அதே பல்லில் சீழ் வைக்கும். கடைசி எக்ஸ்ரேயில் அடைப்பு வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். நுனியைத் தாண்டி வெளியே வழியவும் கூடாது. எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீங்கிய கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஊசி சில சமயம் ஏமாற்றும். உதடு கட்டைபோல மரத்திருக்கும், கருவி பட்டதும் பல் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், கையைத் தூக்குங்கள். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இன்னொரு ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரே சிட்டிங்கா, இரண்டு மூன்றா? நரம்பு உயிரோடு இருந்து, குழாய் காய்ந்திருந்தால் ஒரே சிட்டிங் போதும். சீழ் கசிந்துகொண்டே இருந்தால் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து முடிப்பதே நல்லது. நடுவில் வைக்கும் தற்காலிக அடைப்பு முறுக்கு, சீடைக்கெல்லாம் தாங்காது. விழுந்துவிட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், அது சகஜம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ சகஜமில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு ஓட்டுவதும் வீண். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது.

பிடுங்குவது சீக்கிரம் முடியும், அன்றைய செலவும் குறைவு. பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். 24 மணி நேரம் துப்பவோ, கொப்பளிக்கவோ, ஸ்ட்ராவில் உறிஞ்சவோ கூடாது. பல் இருந்த குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் காது வரை வலி ஏறும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவு வளர்வது அதற்கப்புறம்தான். இடம் காலியானால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீளும், எலும்பு கரையும். பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் நல்ல பல்லைச் செதுக்க வேண்டும். எலும்பில் திருகிவைக்கும் இம்ப்ளான்ட் வைத்தால் எலும்போடு ஒட்டவே வழக்கமாக மூன்று நான்கு மாதம், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்தான் மலிவு, மெல்வதற்குச் சுமார்தான்.

ஆகவே காப்பாற்றக்கூடிய முதல் இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு எங்கள் ஓட்டு ரூட் கெனாலுக்கே. வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தாலோ, பல் மேலும் கீழும் ஆடினாலோ, ஞானப்பல்லாக இருந்தாலோ எடுத்துவிடலாம்.

சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடிப் பக்கம் தனியார் கல்லூரிகளும் உண்டு. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். செலவு குறைவு, ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பு நடப்பதால் நேரம் இழுக்கும், நாலைந்து நடை நடக்க வேண்டியிருக்கும். விடுப்பு கிடைக்காதவர்களுக்குத் தெருமுனை கிளினிக்தான் சரிப்படும்.

எங்கே போனாலும் சொல்லும் தொகையில் கேப் சேர்ந்ததா என்று கேளுங்கள். கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, பல் இரண்டாகப் பிளந்து வருபவர்கள் ஏராளம். கடைசிப் பல் என்றால் உலோகக் கேப்பே போதும், பல்லைச் செதுக்குவதும் குறையும். சிரித்தால் தெரியும் இடத்துக்குப் பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா கேப். உலோகத்தின் மேல் செராமிக் பூசியது மலிவு, ஆனால் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும்.