யமஹா ஈஎக்ஸ் டீலக்ஸ்: சிட்னியில் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) வாங்க நினைப்பவர்களுக்கு

பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் நம் ஆட்கள் பலர் இந்தக் கோடைக்கு ஜெட் ஸ்கீ வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதியே போட்டுவிடலாம் என்று தோன்றியது. என்னிடம் இருப்பது புதிதாக வாங்கிய யமஹா ஈஎக்ஸ் டீலக்ஸ். நல்ல வண்டி, தாராளமாக வாங்கலாம். ஆனால் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் அதோடு நிற்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

முதலில் வண்டி. மூன்று சிலிண்டர், 1049 சிசி டிஆர்-1 இன்ஜின். சூப்பர்சார்ஜர் எல்லாம் கிடையாது, சாதாரண 91 பெட்ரோலே போதும், டாங்கி 50 லிட்டர். மூன்று பேர் சீட் என்றாலும் இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை என்றால்தான் வசதி. எனக்கு ரொம்பப் பிடித்தது 'ரைடு' (RiDE) என்று யமஹா பெயர் வைத்திருக்கும் அந்த லீவர். வலது கையில் ஆக்ஸிலரேட்டர், இடது கையில் இது. அழுத்தினால் வேகம் குறையும், நின்ற இடத்திலிருந்து அழுத்தினால் பின்னால் போகும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஜெட் ஸ்கீயில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக விட்டுவிட்டால் ஹேண்டிலைத் திருப்பியும் பிரயோஜனமில்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் திசையையும் மாற்றுகிறது. எதிரே ஏதாவது வந்தால் பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது ஆக்ஸிலரேட்டரை விடுவதுதான். இந்த லீவர் இருப்பதால் வீட்டில் மற்றவர்களுக்கு வண்டியைக் கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

சரி, பராமரிப்புக்கு வருவோம். யமஹா இன்ஜின் தான் மிதக்கும் தண்ணீரையே உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. போட்டி கம்பெனியான சீ-டூவின் வண்டிகளில் காருக்கு இருப்பது மாதிரி கூலன்ட் தனியாகச் சுற்றும், அங்கேகூட எக்ஸாஸ்ட் பக்கம் வெளித் தண்ணீர்தான். யமஹா முறையில் பாகங்கள் குறைவு, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பாட்டனி பேயில் ஓட்டினால் கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்த்தான் வருகிறது, கழுவாமல் விட்டால் அது காய்ந்து உப்பு உள்ளேயே படியும். எனக்கு வண்டியைக் கொடுத்த கடையில் (பெயர் வேண்டாம்) 'ஹோஸ் போட்டு ஃப்ளஷ் பண்ணுங்க' (அதாவது நல்ல தண்ணீரை இன்ஜினுக்குள் விட்டுக் கழுவுங்கள்) என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம், ஏனென்றால் வரிசை மாறினால் இன்ஜினே போய்விடும்.

ஹோஸை மாட்டுங்கள், ஆனால் குழாயைத் திறக்காதீர்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் தரையில் 15 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஒரு மூன்று நிமிடம் ஓடட்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடுங்கள், அப்புறம் லேசாக இரண்டு மூன்று தடவை ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் பின்னால் புஸ்ஸென்று வெளியே வரும், அது நின்றதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் திறந்திருந்தால் அது மஃப்ளர் (புகைபோக்கி) வழியாகத் திரும்பி இன்ஜினுக்குள் ஏறிவிடும். வீட்டில் யாராவது உதவிக்கு நின்றால் குழாயடியில் அவரை நிறுத்தி, நீங்கள் சொன்ன பிறகுதான் திறக்கச் சொல்லுங்கள்.

புது வண்டிக்கு இன்னொரு பொறுமையும் வேண்டும். முதல் 5 நிமிடம் மெதுவாக ஊர்ந்துதான் போக வேண்டும், அடுத்த 30 நிமிடம் 5000 ஆர்பிஎம்முக்குள், அதன்பின் ஒரு மணி நேரம் 6500க்குள். நான் இதற்கு விண்ட்சர் பக்கம் ஹாக்ஸ்பரி ஆற்றுக்குப் போனேன், அங்கே உப்புத் தொல்லையும் இல்லை, அலையும் இல்லை. 10 மணி நேரம் ஓடியதும் முதல் சர்வீஸ், ஆயில் மாற்றம். அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப்பின் 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது.

தண்ணீரில் இறக்குமுன் சீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்கள், பெட்ரோல் ஆவி இருந்தால் வெளியேறிவிடும். பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் இரண்டு டிரெய்ன் பிளக்கும் (அடைப்பான்) இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. வண்டியின் அடிக்குக் கீழே 60 சென்டிமீட்டராவது தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் மணலையும் பாசியையும் பம்ப் இழுத்துக்கொள்ளும். டிரெய்லரையும் மறந்துவிடாதீர்கள். எம்4 மோட்டார்வே வழியாக வந்து இறங்கிய உடனே சக்கரத்தைத் தண்ணீரில் விட்டால், சூடான பேரிங் சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கயிறு, லைஃப் ஜாக்கெட் என்று மற்ற வேலைகளை முடித்துவிட்டு மெதுவாக இறக்குங்கள்.

வீட்டில் ஃப்ளஷ் முடிந்ததும் நான் பிளக் இரண்டையும் கழற்றி, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து அடியில் தேங்கியதை வடிய விடுகிறேன். இன்ஜின் ஆறிய பிறகு துருப்பிடிக்காமல் காக்கும் லானாக்ஸ் ஸ்ப்ரேயை உலோகப் பாகங்கள் மேல் மெல்லிசாக அடிக்கிறேன், ஐந்து நிமிடம்கூட ஆகாது. சீட்டைத் திறந்தே வைத்து, ஈரம் போன பிறகுதான் கவர். ஈரத்தோடு மூடுவதைவிட மூடாமல் நிழலில் விடுவது மேல். குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போடுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நியூ சவுத் வேல்ஸில் எந்த வேகத்தில் போனாலும் ஜெட் ஸ்கீக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், சூரியன் மறைந்தபின் ஓட்டக்கூடாது, சிட்னி ஹார்பரில் அனுமதியே இல்லை. ஓப்பரா ஹவுஸ் முன்னால் போட்டோ எடுக்கலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஸ்ட்ராட்டாவிடம் (கட்டிடத்தை நிர்வகிக்கும் அமைப்பு) கேளுங்கள்: டிரெய்லர் நிறுத்த இடம் உண்டா, அதன் பக்கத்தில் குழாய் உண்டா, அங்கே மூன்று நிமிடம் இன்ஜினை ஓட விடுவார்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் ஈஎக்ஸ் டீலக்ஸ் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு பகல் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள், கழுவுவது அவர்கள் வேலை.