ஐபோன் நிறம் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கறுப்பு ஐபோனை ஊதா ஆக்கித் தருகிறோம், வெள்ளையைச் சிவப்பு ஆக்கித் தருகிறோம் என்று இப்போது நிறைய ரீல்ஸ் வருகிறது. கீழே “ரேட் என்ன ப்ரோ?” என்று கேட்டு வரிசையாக கமென்ட். அப்படி வெளிக்கூட்டை (பாடி) மாற்றி வேறு நிறம் ஆக்கித் தரும் ஒரு கடையில், என் ஐபோன் 12-இன் ஒரிஜினல் டிஸ்பிளேயை எடுத்துக்கொண்டு மட்டமான காப்பியை மாட்டி அனுப்பினார்கள். முகத்தைக் காட்டித் திறக்கும் ஃபேஸ் ஐடியும் போய்விட்டது. கேட்டபோது “பாடி மாத்தினா அப்படித்தான் வரும்” என்று ஒரு பொய். அந்தப் பொய்யைப் பலரும் நம்பிவிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

வண்டியில் போகும்போது போன் விழுந்து பின்பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. 12-இல் அந்தக் கண்ணாடி ஃபிரேமோடு மிகப் பலமாக ஒட்டப்பட்டிருக்கும். லேசர் மெஷினில் வைத்துப் பசையைத் தளர்த்தி, துண்டு துண்டாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். 2022-இல் வந்த ஐபோன் 14-இல்தான் (ப்ரோ அல்ல, சாதா 14) பின்கண்ணாடியைத் தனியாகக் கழற்றும்படி ஆப்பிள் அமைப்பையே மாற்றியது. ஆகவே கடைக்காரர் சொன்ன கணக்கில் அப்போது தப்பு எதுவும் தெரியவில்லை.

“அக்கா, கிளாஸ் மட்டும் போட்டா 2,500. ஆனா ஃபிரேம்ல இருக்கிற அடி அப்படியே தெரியும். 4,500 குடுங்க, ஃபுல் பாடியே மாத்திடலாம். கலரும் உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்க.”

“உள்ளே இருக்கிற பார்ட்ஸ் எல்லாம் என்னோடதுதானே இருக்கும்?” என்று தெளிவாகக் கேட்டேன்.

“எல்லாம் உங்களோடதுதான்க்கா. சட்டை மாத்துற மாதிரிதான் இது.”

சட்டை மாற்றுவது போல இல்லவே இல்லை. பாடி மாற்றுவது என்றால் போனை முழுவதும் பிரித்து வேறொரு கூட்டுக்குள் மறுபடி கட்டுவது. போர்டு, பேட்டரி, டிஸ்பிளே, முன் கேமரா, பின் கேமரா, ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார், சார்ஜிங் ஸ்ட்ரிப், பட்டன் ஸ்ட்ரிப், வயர்லெஸ் சார்ஜிங் காயில் என்று ஒவ்வொன்றும் கழன்று இடம் மாற வேண்டும். நீளம் வேறுபட்ட குட்டிக் குட்டி ஸ்க்ரூக்கள் டஜன் கணக்கில் உண்டு. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நெட்டை ஸ்க்ரூவை முறுக்கினால் போர்டின் உள் இணைப்பே அறுந்துவிடும். இவ்வளவு வேலையும் நம் கண்ணுக்கு மறைவாக நடக்கிறது. “ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்தப் பாகம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மாலை போனைக் கையில் வாங்கியபோது ஊதா நிறம் பளிச்சென்று நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஆன் செய்து கொடுத்தார். பாஸ்கோட் கேட்டது. ஐபோனை அணைத்து ஆன் செய்தால் முதல் தடவை ஃபேஸ் ஐடி எடுக்காது, பாஸ்கோட்தான் கேட்கும். அது அந்த போனின் வழக்கம். ஃபேஸ் ஐடி செத்திருப்பது கடை வாசலில் தெரியாமல் போக அது போதும். பஸ் ஏறி, ஜிபே திறக்கும்போதுதான் முகத்தை எடுக்கவில்லை என்று கவனித்தேன். புதிதாகப் பதியப் பார்த்தால், போனைக் கொஞ்சம் மேலே கொண்டுபோ, கொஞ்சம் கீழே கொண்டுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தது, பதியவே இல்லை.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போனை எடுத்தபோது அடுத்தது தெரிந்தது. ஐபோன் 12-இல் இருப்பது ஓஎல்இடி திரை. அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் எரிவதே இல்லை, இருட்டறையில் திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. இந்தத் திரையிலோ கறுப்புப் பின்னணி முழுவதும் சாம்பல் நீலமாக மினுங்கியது, ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. பின்னாலிருந்து விளக்கு எரியும் எல்சிடி அது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் ட்ரூ டோன் என்ற பட்டனையே செட்டிங்ஸில் காணோம். ஜெனரல், அபவுட் என்று உள்ளே போனால், டிஸ்பிளேக்கு நேராக ‘தெரியாத பாகம்’ என்று எழுதியிருந்தது.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 15.2-இலிருந்து அபவுட் பக்கத்தில் பாகங்களின் வரலாறு தெரிகிறது. 12-இல் பேட்டரி, டிஸ்பிளே, கேமரா மூன்றையும் காட்டும். எதையும் மாற்றாத போனில் அந்தப் பகுதியே இருக்காது. இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு, உங்கள் போர்டுக்கு அவற்றைத் தெரியும். அதே போர்டு, அதே டிஸ்பிளே, அதே பேட்டரியை வேறு கூட்டுக்கு மாற்றினால் போர்டு அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. வெளிக்கூட்டுக்கு அப்படி ஓர் அடையாளமே 12-இல் இல்லை. ஆகவே வெறும் பாடி மாற்றியதற்கு ‘தெரியாத பாகம்’ என்று வரவே வராது. வந்தால் அந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் அந்தப் பாகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் கடையில் இதையேதான் சொன்னேன். “இல்லக்கா, பாடி மாத்தினா சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும். அப்டேட் போட்டுப் பாருங்க, போயிடும்” என்றார். அப்டேட் போட்டாலும் போகவில்லை. அப்புறம் “உங்க டிஸ்பிளே ஏற்கெனவே மாத்தினதா இருக்கும்” என்று பேச்சை மாற்றினார். கொடுக்கும் முன் ட்ரூ டோன் ஓடிக்கொண்டிருந்த போன் அது, வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற கஸ்டமர்களுக்குக் கேட்கும்படி, “4,500 ரூபாய்க்கு இவ்வளவு எதிர்பார்த்தா எப்படி?” என்றார். என் டிஸ்பிளேயைத் திருப்பிக் கேட்பது எதிர்பார்ப்பா? ஒரிஜினல் ஓஎல்இடிக்கு உதிரிபாகச் சந்தையில் நல்ல விலை. பாடி மாற்ற நான் கொடுத்ததைவிட அதிலேயே அவர்களுக்கு லாபம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நேர்மையாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் மூலம் அங்கே ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். என் எதிரிலேயே வைத்துத் திறந்தார். டிஸ்பிளேயின் மேல் ஓரத்தில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கரோடு ஒரு மெல்லிய ஸ்ட்ரிப் வரும். முகத்துக்கு அகச்சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பாகம் 12-இல் அதில்தான் இருக்கிறது. லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தவர் என்னையும் பார்க்கச் சொன்னார். அந்த ஸ்ட்ரிப் மடங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு கிழிசல், பக்கத்தில் ஹீட்டர் பட்டுச் சுருண்ட தடம்.

“பாடி மாத்துறதுக்கு இதைத் தொடவே வேண்டாம்மா. டிஸ்பிளே அப்படியே முழுசா வந்துடும். வேற டிஸ்பிளே போட்டாதான் இதைப் பழசுல இருந்து பிரிச்சுப் புதுசுல ஒட்டணும். அப்பதான் கிழிச்சிருக்காங்க” என்றார். ஃபேஸ் ஐடி ஏன் போனது என்பதற்கும் டிஸ்பிளே எங்கே போனது என்பதற்கும் ஒரே பதில். வேறொரு 12-இலிருந்து அந்த ஸ்ட்ரிப்பை எடுத்துச் சும்மா மாட்டினாலும் ஃபேஸ் ஐடி வராது, அது போனுக்குப் போன் பிணைக்கப்பட்டது. இப்போது பஸ்ஸிலும் கடையிலும் நான்கு பேர் பார்க்க ஆறு இலக்க பாஸ்கோடை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் காட்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்பிளேயைச் சுற்றி இருக்க வேண்டிய நீர்த்தடுப்புப் பசை இல்லை, இரண்டு பக்கம் மட்டும் ஏதோ கம் தடவியிருந்தது. ஐபோன் 12 ஐபி68 தரம், 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. அந்தப் பசை இல்லாத போனுக்கு மழைச்சாரலே ஆபத்து. கனெக்டர்களை மூடும் ஒரு தகட்டில் ஸ்க்ரூ குறைவு. கேமரா லென்ஸின் மேல் ஆப்பிள் போடுவது சபையர், இதில் இருந்தது சாதாக் கண்ணாடி. ராத்திரியில் எடுத்த படங்களில் தெருவிளக்கெல்லாம் பரவித் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

சிக்னலும் குறைந்திருந்தது. ஐபோனின் உலோக ஃபிரேம் வெறும் அழகுக்கு அல்ல, ஆன்டெனாவே அதுதான். ஓரத்தில் தெரியும் பிளாஸ்டிக் கோடுகள் அந்த ஆன்டெனாத் துண்டுகளைப் பிரிப்பவை. உள்ளே போர்டு ஃபிரேமைத் தொடும் இடங்களில் உலோகம் சுத்தமாக இருக்க வேண்டும். மட்டமான கூடுகளில் அங்கேயும் பெயின்ட் பூசியிருக்கும், தொடர்பு சரியாகக் கிடைக்காது. என் சமையலறையில் முன்பு முழுதாக வந்த சிக்னல் இப்போது பாதிக்கு மேல் ஏறுவதில்லை.

நிறம் மாற்றியே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒட்டும் ஸ்கின் போட்டுக்கொள்ளுங்கள், போனைத் திறக்கத் தேவையில்லை. என்னைப் போல கண்ணாடி உடைந்து போகிறவர்கள், கண்ணாடியை மட்டும் லேசரில் மாற்றித் தரும் இடம் பாருங்கள், ஃபிரேமில் அடி தெரிந்தால் தெரியட்டும். வெளியே வாங்கிய கூடு போட்ட போனை ஆப்பிளின் அதிகாரபூர்வ சேவை மையத்தில் எடுக்க மறுப்பார்கள் என்பதும் மனதில் இருக்கட்டும்.

அதையும் மீறிப் பாடி மாற்றுகிறீர்கள் என்றால், உட்கார்ந்து பார்க்க விடும் கடையில் மட்டும் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அபவுட் பக்கத்தையும் ட்ரூ டோன் பட்டனையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு யாருக்காவது அனுப்பி வையுங்கள், இன்னொரு போனில் வீடியோவும் எடுங்கள். டிஸ்பிளே, பேட்டரி, கேமரா மாற்றப்படவில்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் பாஸ்கோடை நீங்களே அடித்துத் திறந்து, லாக் செய்து, முகத்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். கைகளைக் குவித்து இருட்டாக்கிக் கறுப்புப் படம் ஒன்றைப் பாருங்கள். பழைய கூட்டையும் சிம் ட்ரேயையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 12-இல் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சிம் ட்ரேயில்தான் பொறித்திருக்கும், எனக்கு வந்த ஊதா ட்ரேயில் ஒன்றுமே இல்லை.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இப்படிக் கூடு மாற்றிய போன்கள் ஒரிஜினல் நிறம் என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அபவுட் பக்கத்தில் மாடல் நம்பர் இருக்கும். அது எந்த நிறம், எவ்வளவு ஸ்டோரேஜ் என்பதற்கான எண். அதை இணையத்தில் தேடினால் போன் பிறந்த நிறம் வந்துவிடும், கையில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். முதல் எழுத்து ஆங்கில ‘எம்’ என்றால் புதிதாக விற்றது, ‘எஃப்’ என்றால் புதுப்பித்து விற்றது, ‘என்’ என்றால் பழுதுக்கு மாற்றாக ஆப்பிள் கொடுத்தது. இன்னும் மோசம், ஒரே ஒரு பின்கேமரா உள்ள ஐபோன் எக்ஸ்ஆரை மூன்று கேமரா ப்ரோ மாடல் கூட்டில் போட்டு விற்பது. மற்ற இரண்டு லென்ஸும் வெறும் பொம்மை. கேமராவில் 0.5 ஜூம் இல்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள். அபவுட்டில் மாடல் பெயரும் எக்ஸ்ஆர் என்றே இருக்கும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையில் தந்தது ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. ஆனால் ஜிபே ரசீது, கொடுக்கும் முன் எடுத்த படங்களில் தெரியும் பழைய திரை, மெக்கானிக் அண்ணன் எடுத்துத் தந்த படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. புகார் போனதும் கடையிலிருந்து அழைத்து, பாதிப் பணம் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். பணம் வேண்டாம், என் டிஸ்பிளேயைக் கொடுங்கள் என்றேன். பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டால் போதும். பாடி மாற்றிய பிறகு ‘தெரியாத பாகம்’ என்று உங்கள் போனிலும் வந்திருந்தால், இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பணம் அனுப்பிய ரசீதோடு பத்திரப்படுத்திவிட்டு 1915-க்குப் பேசுங்கள்.